நிழலின் நுனி எங்கே?

சம இரவு நாளை ஒட்டிய மாலையில் திருவனந்தபுரம் கிழக்கேக்கோட்டைப் பக்கம் போனால், பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே ஒரு கூட்டம் மொபைலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். மார்ச்சில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை. மேற்கே இறங்குகிற சூரியன் ஏழு நிலைக் கோபுரத்தின் மேல் வாசல் ஒன்றுக்குள் வந்து உட்காரும். மாடத்தில் விளக்கு ஏற்றிவைத்த மாதிரி சில நிமிஷம் நிற்கும், மறையும், பிறகு அதற்குக் கீழே உள்ள நிலையின் வாசலில் தெரியும். இப்படியே படியிறங்கிப் போகும். கூட்டத்தில் பாதிப் பேர் கைகூப்புவார்கள், பாதிப் பேர் படமெடுப்பார்கள், சிலர் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யப் பார்ப்பார்கள்.

ஒரு மார்ச் மாதம் அண்ணன் மகளை அங்கே கூட்டிப் போயிருந்தேன். ஏழாம் வகுப்பு. "மத்த நாள்ல ஏன் சித்தப்பா இப்படி வரதில்ல?" என்று கேட்டாள். நான் மூச்சுவிடாமல் சொன்னேன்: இன்று பகலும் இரவும் ஏறத்தாழச் சமம், சம இரவு நாளில் மட்டும்தான் சூரியன் நேர் மேற்கில் மறையும், கோயில் நேர் கிழக்கைப் பார்த்து நிற்கிறது, அவ்வளவுதான். "ஓ" என்றாள். அடுத்த நிமிஷம் கடலை வாங்கித் தரச் சொன்னாள்.

நான் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகு இல்லை. ஆனால் கரமனைக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த 'ஓ' என்னை உறுத்திக்கொண்டே வந்தது. ஒரு வருஷம் ஓடியிருக்க வேண்டிய கேள்வியை அரை நிமிஷத்தில் முடித்து வைத்துவிட்டேன்.

இதில் என்னை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, நான் படித்ததே அப்படித்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் தனி ஊசல் சோதனை என்று ஒன்று உண்டு. நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, இருபது அலைவுக்கு எத்தனை விநாடி என்று எண்ணிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை 9.8 என்று புத்தகத்திலேயே இருக்கும். அதனால் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு விநாடிகளை எழுதுவோம். வகுப்பில் நாற்பது பேர், நாற்பது ரெக்கார்டு நோட்டு, எல்லாவற்றிலும் 9.8. மெய்யாகவே அளந்த ஒருவனுக்கு 9.3 வந்தது. அவனுக்குத்தான் திட்டு விழுந்தது. அவன் நூலின் நீளத்தைக் கொக்கி வரைக்கும் அளந்தானா, குண்டின் நடு வரைக்கும் அளந்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று அந்த அறையில் இருந்த ஒரே இயற்பியல் அந்த 9.3தான்.

பஸ்ஸில் உறுத்திய விஷயத்தை அண்ணன் மகளின் அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அடுத்த மார்ச்சில வந்து பாருங்கோ, ஆனா ஒரு நிபந்தனை. பிள்ளைகள் எது கேட்டாலும் நீங்க வாயத் திறக்கக் கூடாது" என்றார்.

அடுத்த மார்ச்சில் போனேன். அண்ணன் மகள் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள், இது புதிய ஏழாம் வகுப்பு. பரீட்சைக் காலம், மத்தியானம் தேர்வில்லாத ஒரு நாள். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் இருபது பிள்ளைகள், நாலு நாலு பேராக ஐந்து குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மீட்டர் கம்பு, சாக்கட்டி, அளவுநாடா. கோபுரத்தைப் பற்றி டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டது மூன்றே கேள்வி. இன்று இந்தக் கம்பின் நிழல் எப்போது மிகவும் குட்டையாகும்? அப்போது எந்தப் பக்கம் விழும்? எத்தனை சென்டிமீட்டர் இருக்கும்? கம்பை நடுவதற்கு முன்னாலேயே ஒவ்வொருவரும் நோட்டில் எழுதியாக வேண்டும், எழுதியதை அழிக்கக் கூடாது.

ஏறத்தாழ எல்லோரும் ஒன்றையே எழுதினார்கள்: பன்னிரண்டு மணி, நிழலே இருக்காது. உச்சி வெயிலில் நிழல் காலடியில் கிடக்கும் என்று நாம் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் வேறு என்ன எழுதும்?

பன்னிரண்டு மணிக்கு நிழல் இருந்தது. சுருங்கிக்கொண்டும் இருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை நுனியில் சாக்கட்டியால் புள்ளி வைத்தார்கள். 12.15க்கும் சுருங்கியது. 12.30 வாக்கில்தான் நின்றது, பிறகு நீளத் தொடங்கியது. "டீச்சரே, கடிகாரம் தப்பு" என்றான் ஒருவன். "ஐந்து குழுவின் கடிகாரமுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் நகர்ந்தார். இந்திய நேரம் உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரை ஒட்டிப் போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்த நேரம். திருவனந்தபுரம் அதற்கு ஐந்தரைப் பாகை மேற்கே இருக்கிறது. பூமி ஒரு பாகை திரும்ப நாலு நிமிஷம் ஆகும், ஆகவே நம் உச்சிப்பொழுது 22 நிமிஷம் தாமதம். அட்லஸைப் பிரித்து வைத்துக்கொண்டு இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள். மீதி ஏழெட்டு நிமிஷம் இடித்தது. பூமியின் பாதை சரிவட்டமாக இல்லாததும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து சூரியனைக் கடிகாரத்துக்கு முன்னும் பின்னும் இழுக்கின்றன. மார்ச் சம இரவில் சூரியன் ஏழு நிமிஷம் பிந்தி வரும், செப்டம்பரில் ஏழு நிமிஷம் முந்தி வரும். டீச்சர் இதைச் சொல்லவில்லை. மீதி ஏழெட்டு நிமிஷம் என்று பலகையின் மூலையில் எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தார்.

குட்டை நிழலின் நீளத்தை ஐந்து குழுவும் பலகையில் எழுதின: 14.2, 15.1, 14.8, 15.5, 18.3. வகுப்பு முழுக்க 18.3 பக்கம் திரும்பியது. அந்தக் குழுவில் ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து, பக்கத்து மனையில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த நாகர்கோவில் பக்கத்துக் கொத்தனார் மதிலுக்கு அந்தப்புறமிருந்து, "மக்களே, கம்பு சரிஞ்சுல்லா நிக்கு" என்றார். தூக்குக்குண்டையும் கழற்றிக் கொடுத்தார். கம்பு ஏறத்தாழ இரண்டு பாகை சாய்ந்திருந்தது. நிமிர்த்திவிட்டு அளந்தபோது 15க்குப் பக்கத்தில் வந்தது. மற்ற நாலு குழுவும் ஒன்றும் சொல்லாமல் வந்து தூக்குக்குண்டுக்கு வரிசை கட்டின.

கம்பு நிமிர்ந்த பிறகும் எண்கள் ஒத்துவரவில்லை. 14.5 என்றான் ஒருவன், 15.3 என்றாள் இன்னொருத்தி. ஒரே கம்பு, ஒரே நிழல். இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூக்கு தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்கள். "இதுதான் நுனி." "இல்லடா, அதுக்கப்புறமும் லேசா இருக்கு பாரு." இங்கேதான் டீச்சர் முதன்முறையாகக் குறுக்கே வந்தார். விரலைத் தரைக்குப் பக்கத்தில் பிடித்து நிழலைப் பார்க்கச் சொன்னார், பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார். கீழே விரலின் நிழல் கத்தி மாதிரி இருந்தது. தூக்கத் தூக்கக் கலங்கி, ஓரம் கரைந்துபோனது. "உயரத்திலேர்ந்து வர்ற நிழலுக்கு ஓரம் இல்ல" என்றான் 14.5. "ஏன்னா சூரியன் புள்ளி இல்ல, தட்டு" என்றாள் 15.3. "தட்டோட மேல் விளிம்பிலேர்ந்து வர்ற வெளிச்சம் ஒரு இடத்தில முடியும், கீழ் விளிம்பிலேர்ந்து வர்றது வேற இடத்தில."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். வானத்தில் சூரியத் தட்டின் அகலம் அரைப் பாகை. ஒரு மீட்டர் கம்பின் நுனியில் அது ஒன்பது மில்லிமீட்டர் கலங்கலாக விழும். இரண்டு பேரும் சரியாகவே அளந்திருந்தார்கள். கலங்கலின் ஒரு முனையை ஒருவன் நுனி என்றான், மறுமுனையை இன்னொருத்தி நுனி என்றாள். ஒரே பிள்ளை தனியாக அளந்திருந்தால் 14.5 என்று எழுதிவிட்டுப் போயிருப்பான். சண்டை பிடிக்க ஆள் இருந்ததால்தான் சூரியனுக்கு அகலம் இருப்பது தரையில் தெரிந்தது.

பிறகு டீச்சர் மாமரத்தடியைக் கைகாட்டினார். இலை இடுக்குகள் எத்தனையோ வடிவம், தரையில் விழுந்த வெளிச்சமெல்லாம் வட்டம். கொஞ்ச நேரத்தில் ஒரு குழு அட்டையில் ஊசித்துளை போட்டுக் கம்பின் தலையில் ஒட்டிவிட்டது. கலங்கிய நுனி இருந்த இடத்தில் ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு விழுந்தது, பொட்டின் நடுவை அளந்தார்கள். இத்தாலியில் போலோன்யா நகரத்துத் தேவாலயத்தில் 17ஆம் நூற்றாண்டில் வானியலாளர் கஸ்ஸீனி கூரையில் துளையிட்டு, தரையில் உச்சிக்கோடு வரைந்து சூரியனை அளந்ததும் இதே தந்திரத்தால்தான். அதையும் அன்று யாரும் சொல்லவில்லை.

கடைசியில் ஐந்து குழுவும் 14.8க்கும் 15.1க்கும் இடையில் வந்தன. ஏழாம் வகுப்புக்குத் திரிகோணமிதி தெரியாது. கிராஃப் தாளில் அளவு குறைத்து முக்கோணம் வரைந்து பாகைமானியை வைத்தார்கள். எட்டரைப் பாகை. அட்லஸில் திருவனந்தபுரத்தின் அட்சரேகையும் எட்டரைதான். மார்ச் 21 அன்று சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கும், ஆகவே நம் உச்சியிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு அந்த ரேகையிலிருந்து விலகி நாமும் இருக்கிறோம். அளவில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் என்ன ஆகும் என்று ஒருவன் கணக்குப் போட்டான். பள்ளிக்கூடம் அறுபது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்து, கன்னியாகுமரியைத் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டது. அன்றைக்குப் பெரிய சிரிப்பு அதற்குத்தான். அளவில் வரும் பிழையைப் பற்றி நான் கேட்ட சிறந்த பாடமும் அதுதான்.

டீச்சர் கையாண்ட இந்த முறைக்குப் பெயர் வைத்து ஆராய்ந்தவர்கள் உண்டு. 1976இல் வுட், புரூனர், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் மூன்று முதல் ஐந்து வயதுவரையான 30 குழந்தைகளிடம் 21 மரக்கட்டைகளைக் கொடுத்துக் பிரமிடு அடுக்கச் சொன்னார்கள். கூட இருந்த ஆசிரியை எங்கே உதவுகிறார், எங்கே கையைப் பின்னுக்கு இழுக்கிறார் என்று கவனித்தார்கள். அந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் சாரம். கொத்தனார் சவுக்குக் கம்பால் கட்டுகிற அதே சாரம்தான். கட்டாமல் சுவர் உயராது, சுவர் காய்ந்த பிறகும் பிரிக்காமல் வைத்திருந்தால் யாரும் வீடு என்று சொல்லமாட்டார்கள்.

கையில் கம்பைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நின்றால் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்துவிடும் என்ற நம்பிக்கையை நான் பகிர்ந்துகொள்ளவில்லை. 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர் ஒரு காட்டமான கட்டுரை எழுதினார்கள். வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் புதிதாகக் கற்பவரின் மூளைக்குச் சுமையைத்தான் ஏற்றும் என்றார்கள். அடுத்த ஆண்டே மறுப்பு வந்தது: கேள்வி கேட்டுத் தேடிக் கற்கும் நல்ல வகுப்பில் வழிகாட்டல் குறைவதே இல்லை, அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அந்த டீச்சரைப் பார்த்த பிறகு எனக்கு இரண்டாவது கட்சிதான் சரியென்று படுகிறது. முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் மைதானத்தில் தனியாக நின்று மூன்று மணி நேரம் இதே கம்பின் நிழலை அளந்திருந்தார். எந்த இடத்தில் எண்கள் பிரியும், எங்கே பிள்ளைகள் கையை விரிக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு குழுவிலும் சத்தமாகப் பேசுகிற பிள்ளைக்கு எழுதும் வேலையை மட்டும் கொடுத்திருந்தார். இல்லாவிட்டால் அவனே அளந்து அவனே சொல்லி முடித்துவிடுவான், மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பார்கள். குழு வேலை என்ற பெயரில் பல வகுப்புகளில் நடப்பது அதுதான்.

ஒன்றும் தெரியாதவர்கள் கூடிப் பேசி என்ன தெரிந்துகொள்வார்கள் என்ற கேள்விக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபணுவியல் வகுப்பு ஒன்றில் மாணவர்களை முதலில் தனித்தனியாக விடை சொல்ல வைத்தார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவர்களோடு பேச விட்டார்கள். அதன்பின் அதே கருத்தை வேறு உருவத்தில் வைத்த புதுக் கேள்விக்குத் தனியாக விடை கேட்டார்கள். சயின்ஸ் இதழில் 2009இல் முடிவு வந்தது. குழுவில் ஒருவருக்கும் சரியான விடை தெரியாதபோதும் பேசி முடித்த பிறகு பலர் சரியாகச் சொன்னார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் காப்பியடித்தார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

நம் நாட்டில் இப்படி அளந்தும் பேசியும் கற்பதைப் பெரிய அளவில் செய்து பார்த்த ஊர் திருவனந்தபுரத்துக்கு ஏறத்தாழ நேர் வடக்கே இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் அன்று ஹோஷங்காபாத் என்று அழைக்கப்பட்ட ஊர். 1972இல் கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியாவின் ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கின. 'பால் வைக்ஞானிக்' என்ற பாடப்புத்தகத்தில் சோதனைகளும் கேள்விகளும் இருந்தன, விடைகள் இல்லை. பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். 1978இல் மாவட்டம் முழுக்கப் பரவியது, 1982 முதல் ஏகலவ்யா அமைப்பு நடத்தியது. பொம்மைகளால் அறிவியல் சொல்லும் அரவிந்த் குப்தா சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் வைத்து அவற்றைச் செய்யத் தொடங்கியதும் அங்கேதான். முப்பது ஆண்டு ஓடிய அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. விடையில்லாத புத்தகத்தைப் பெற்றோருக்கும் அதிகாரிகளுக்கும் புரியவைப்பது பிள்ளைகளுக்குப் புரியவைப்பதைவிடக் கஷ்டம்.

கேரளத்திலும் இதே கதை வேறு மாதிரி நடந்தது. 1962இல் தொடங்கிய சாஸ்திர சாகித்திய பரிஷத் மலையாளத்தில் அறிவியல் எழுதியும், யுரீக்கா என்ற சிறுவர் இதழ் நடத்தியும் நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தது. தொண்ணூறுகளில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தபோது செயல்வழிக் கல்வி அரசுப் பள்ளிக்குள் நுழைந்தது. முதலில் காசர்கோடு, மலப்புரம், வயநாடு, அடுத்த கட்டத்தில் திருவனந்தபுரம் உள்ளிட்ட மாவட்டங்கள். பிள்ளைக்கு அகர வரிசையே தெரியவில்லை என்று பெற்றோர் குமுறினார்கள், தெருவில் இறங்கிப் போராட்டம்கூட நடந்தது. குமுறலில் கொஞ்சம் நியாயமும் உண்டு. பயிற்சி போதாத ஆசிரியர் கையில் செயல்வழிக் கல்வி வெறும் ஆட்டமும் பாட்டுமாக முடிந்துவிடும், சாரம் மட்டும் நிற்கும்.

1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, ஒரு வழிகாட்டி ஆசிரியரோடு, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆராய்ந்து, தாய்மொழியிலேயே சமர்ப்பிக்கலாம். நல்லவை அபாரமாக இருக்கும். சிலவற்றில் அப்பாவின் கையெழுத்து தெரியும்.

சேர்ந்து அளப்பது இந்த ஊருக்குப் புதிதே இல்லை. 1837இல் சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் எழுந்தது, ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். 1852 முதல் 1865 வரை அங்கே இருந்த ஜான் ஆலன் புரவுன் காந்த ஊசியின் அசைவை இரவும் பகலும் மணிக்கு மணி பதியவைத்தார். பதிந்தவர்கள் அவர் பயிற்றுவித்த உள்ளூர் உதவியாளர்கள். போதாதென்று 1855இல் அகத்தியமலையின் உச்சிப் பக்கமும் ஒரு கூடம் கட்டினார், காட்டையும் அட்டையையும் கடந்து கருவிகள் மேலே போயின. பூமியின் காந்தத்தில் வரும் பெரிய தடுமாற்றங்கள் ஓர் ஊருக்கு மட்டும் வருவதில்லை, பூமி முழுக்க ஒரே சமயத்தில் வருகின்றன என்று அவர் சொல்ல முடிந்ததற்குக் காரணம், பல ஊர்களில் பலர் ஒரே நேரத்தில் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். ஒற்றை ஆள் எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாலும் அது தெரிந்திருக்காது.

மைதானத்துக்குத் திரும்புகிறேன். இரண்டு மணிக்குக் கம்பைப் பிடுங்கியபோது தரையில் சாக்கட்டிப் புள்ளிகள் மட்டும் இருந்தன. ஒரு பெண் அளவுநாடாவை இழுத்து அவற்றின் மேல் வைத்தாள். எல்லாப் புள்ளியும் ஒரே நேர்கோட்டில். "வளையும்னுதானே நினைச்சோம்?" சம இரவு நாளில் மட்டும்தான் நிழலின் நுனி நேர்கோட்டில் போகும், மற்ற நாட்களில் வளையும். அந்தக் கோடு சுத்தமான கிழக்கு மேற்கு. அவள் கோட்டின் கிழக்கு முனையில் போய் நின்று, மேற்கே கையை நீட்டினாள். "இன்னிக்கு சாயந்தரம் சூரியன் இங்கேதான் இறங்கும். கோயில் கோபுரத்தில தெரியுமே, அது இதனாலதானா?"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மாமரத்தைப் பார்த்தேன்.

அடுத்து எழுந்த கேள்வி எனக்கே சவால். விஷு என்றால் சமம் என்றுதானே அர்த்தம், அப்படியானால் விஷுவும் சித்திரைப் பிறப்பும் ஏன் ஏப்ரல் பாதியில் வருகின்றன? பூமியின் அச்சு ஆடித் தீரும் பம்பரம் மாதிரி மெல்லத் திரும்புகிறது, ஒரு பாகைக்கு 72 வருஷம். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டு நின்றது, சம இரவு நழுவிப்போனது. ஏறத்தாழ 1,700 வருஷத்துக்கு முன் இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. இன்று 24 நாள் வித்தியாசம். இதற்கிடையில் திருவனந்தபுரத்தில் நிழலே இல்லாத உச்சிப்பொழுது ஏப்ரல் 11, 12 வாக்கில், விஷுவுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சி நிழல் தெற்கே விழும். வடக்கில்தான் விழும் என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் பலர் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

செப்டம்பர் 23. அதே பிள்ளைகள் இப்போது எட்டாம் வகுப்பில். நானும் போயிருந்தேன், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனை அப்படியே இருந்தது. உச்சிப்பொழுது பன்னிரண்டரைக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் 12.20க்குச் சாவகாசமாகக் கம்பை நட்டார்கள். முதல் புள்ளி, இரண்டாம் புள்ளி, மூன்றாம் புள்ளி. நிழல் நீண்டுகொண்டே போனது. கம்பு சரிந்திருக்கிறது என்றான் ஒருவன். இந்த முறை தூக்குக்குண்டு பள்ளிக்கூடத்தின் சொந்தம், கொண்டுவந்து பார்த்தார்கள், கம்பு நிமிர்ந்துதான் நின்றது. மொபைலில் மணி பார்த்தார்கள், சரியாக இருந்தது. போன மார்ச்சு நோட்டைப் புரட்டினார்கள், அங்கே 12.30 என்றுதான் இருந்தது. "அப்போ ரெண்டில ஒண்ணு பொய்" என்று ஒருத்தி சொல்ல, அவள் கையிலிருந்த நோட்டை மற்றவன் பிடுங்க, டீச்சர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டார்.